பெயர் தெரியாமல் பார்க்கத் தொடங்குங்கள்: பறவை நோக்கலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்திலும் வீட்டிலும் பலருக்கு வழிசொல்லிப் பழகிய ஒருவர், ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தம்மைவிட முப்பது வயது இளைய பள்ளி மாணவரிடம் “அது என்ன பறவை?” என்று கேட்கக் கூச்சப்படுவதைப் பறவை நோக்கும் குழுக்களில் அடிக்கடி காணலாம். ஆர்வத்தோடு பைனாகுலர் வாங்கி, இரண்டு மூன்று முறை வெளியே சென்றுவிட்டு, பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களில் பலர் நேரமில்லாமல் விடுவதைவிட இந்தக் கூச்சத்தால் விடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்களும், இந்தியா முழுவதிலும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவையும் பதிவாகியுள்ளன. இவற்றுள் பத்துப் பதினைந்துக்கு மேல் பெயர் சொல்லத் தெரியாத நிலையில்தான் நம்மில் ஏறத்தாழ அனைவரும் இதற்குள் நுழைகிறோம்.

அந்த நிலையை விரைவாகக் கடந்துவிட வேண்டும் என்று நினைப்பதே புதியவர்களைச் சோர்வடையச் செய்கிறது. பழகியவர் ஒரு பறவையைப் பார்த்த நொடியில் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடிப் போய்விடுவார். பெயர் தெரியாதவருக்கோ அந்தப் பறவையை அது பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் பார்க்கும் சில நிமிடங்களில் கண் கற்றுக்கொள்வதை எந்தப் படப் புத்தகமும் கற்றுத்தருவதில்லை. ஆகவே முதல் ஓராண்டைப் பெயர் சேகரிப்பதற்கான காலமாகக் கொள்ளாமல், பார்க்கப் பழகும் காலமாகக் கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகவே.

இந்தியப் பறவையியலின் பெரும் பெயரான சாலிம் அலியின் (1896–1987) வாழ்க்கையும் இப்படி ஒரு “தெரியவில்லை”யில்தான் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவியாக அது தோன்றாததால், தம் மாமாவின் அறிமுகத்துடன் அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு நிற்காமல், கழகத்தின் பாடம்செய்யப்பட்ட பறவைத் தொகுப்பையும் அந்தச் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிக் கையில் எடுத்துச் சென்றதால்தான் அந்த அலமாரிகள் அவருக்குத் திறந்தன.

முதலில் ஓர் இடம்

தொடங்குவதற்குச் சரணாலயம் தேவையில்லை. மொட்டைமாடி, தெருவோர வேப்பமரம், கோயில் குளம், ஊர்க் கண்மாய், வீட்டின் பின்கட்டு ஆகியவற்றுள் நீங்கள் எளிதாகச் சென்று வரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சூரியன் உதித்தபின் வரும் முதல் இரண்டு மணி நேரமே பறவைகள் மிகுந்த சுறுசுறுப்போடு இரை தேடும் வேளை. மாலை மங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அதற்கு அடுத்தபடி நல்லது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், கால் மணி நேரம் அந்த ஓரிடத்திலேயே நின்றாலோ உட்கார்ந்தாலோ போதும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. புதிய இடத்தில் எல்லாமே புதிதாக இருப்பதால் எது வழக்கம், எது அரிது என்று கண்ணுக்குத் தெரியாது. பழகிய இடத்தில் ஒரு மாதத்துக்குள், மின்கம்பியில் தினமும் வந்தமரும் கரிச்சான், மதிலோரம் கூட்டமாகக் கிளறித் திரியும் தவிட்டுக்குருவிகள், முருங்கைப் பூவைச் சுற்றும் தேன்சிட்டு ஆகியவை அண்டை வீட்டாரைப் போல முகம் பழகிவிடும். அதன்பின் அக்டோபரில் வடக்கிலிருந்து வலசை வரும் ஒரு சிறு பறவை அந்த மரத்தில் வந்து சேரும்போது, அதன் பெயர் தெரியாவிட்டாலும், அது வந்தது என்பதே உங்களுக்குத் தெரிந்துவிடும். பறவை நோக்கலில் ஒருவர் அடையும் முதல் உண்மையான தேர்ச்சி இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஏற்கெனவே தெரிந்த பறவைகளிலிருந்தே தொடங்குங்கள். காக்கையைப் பாருங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக் காகம். உடல் முழுவதும் கரியதாகவும் அலகு தடித்தும் இருந்தால் அண்டங்காக்கை. உங்கள் தெருவில் இருப்பது எது, இரண்டுமே உண்டா, இரண்டும் ஒரே இடத்தில் இரை எடுக்கின்றனவா என்று ஒரு வாரம் கவனித்தால், தெரியும் என்று நினைத்திருந்த பறவையைப் பற்றியே எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பது விளங்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்நாள் முழுவதும் காக்கை, மைனா போன்ற ஊர்ப் பறவைகளைப் பற்றியும் சலிக்காமல் எழுதிவந்தார்.

எதைப் பார்ப்பது

புதியவர்கள் முதலில் நிறத்தையே பார்க்கிறார்கள். வெயிலுக்கு எதிரே அமர்ந்த பறவை எந்த நிறத்தில் இருந்தாலும் கறுப்பாகத் தெரியும் என்பதாலும், ஒரே இனத்தில் ஆண், பெண், குஞ்சு ஆகியவை வெவ்வேறு நிறத்தில் இருப்பது உண்டு என்பதாலும், நிறத்தை மட்டும் நம்புவது ஏமாற்றத்தில் முடியும். அளவு, வடிவம், நடத்தை, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்தபின் நிறத்துக்கு வருவது நல்ல வரிசை.

அளவை அங்குலத்தில் மதிப்பிட முயலாதீர்கள். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்று நன்கு தெரிந்த நான்கு பறவைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, “மைனாவைவிடச் சற்றுச் சிறியது”, “காக்கைக்கும் பருந்துக்கும் இடைப்பட்டது” என்று எழுதினால் போதும். வடிவத்தில் முதலில் அலகைக் கவனியுங்கள். தடித்த கூம்பு வடிவ அலகு விதையுண்ணும் பறவைக்கும், மெல்லிய ஊசி அலகு பூச்சியுண்ணும் பறவைக்கும், கொக்கி போல் வளைந்த அலகு ஊனுண்ணும் பறவைக்கும் பொதுவாக உரியவை என்பதால், பெயர் தெரியாமலேயே அதன் உணவைப் பற்றி ஓரளவு ஊகித்துவிடலாம். அடுத்து வாலின் நீளம், கால்களின் நீளம், தலையில் கொண்டை உண்டா என்பவற்றைப் பாருங்கள்.

நடத்தையே மிகச் சிறந்த அடையாளம். அவசரமில்லாமல் பார்க்கும் புதியவருக்குக் கைகொடுப்பதும் அதுதான். கம்பியிலிருந்து கிளம்பிக் காற்றிலேயே பூச்சியைப் பிடித்து, மீண்டும் அதே கம்பிக்குத் திரும்பிவரும் கறுப்புப் பறவையின் வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் அது கரிச்சான். பல ஊர்களில் இரட்டைவால் குருவி என்று அழைக்கப்படுவதும் இதுவே. அதே முறையில் வேட்டையாடும் மெல்லிய பச்சைப் பறவைக்கு வாலின் நடுவில் கம்பி போல இரண்டு இறகுகள் நீண்டிருந்தால் அது பச்சைப் பஞ்சுருட்டான். தண்ணீர் ஓரத்தில் ஓடி ஓடி நின்று, நிற்கும்போதெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டுவது வாலாட்டி. செடிக்குள் மறைந்துகொண்டு, உடலுக்குப் பொருந்தாத உரத்த குரலில் கத்தி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி வைத்திருப்பது தையல்சிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் எதற்கும் நிறத்தை நுணுக்கமாகப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளைக் கொக்குகள் என்னும் பாடம்

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் செய்யக்கூடிய, புதியவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நடவு முடிந்த ஒரு வயலையோ நீர் வற்றிவரும் ஓர் ஏரியையோ தேடிச் சென்று, அங்கே நிற்கும் வெள்ளைக் கொக்குகளை மட்டும் ஒரு மாதம் பாருங்கள். முதல் நாள் அவை எல்லாம் கொக்குகளே. நாளடைவில் அவை நான்காகப் பிரியத் தொடங்கும்.

மேயும் மாடுகளின் காலடியிலும் உழும் டிராக்டரின் பின்னாலும் நடந்து, கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குட்டைக் கழுத்துக் கொக்கு உண்ணிக்கொக்கு. அதன் அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் ஆரஞ்சு நிறம் ஏறும். அந்த நேரத்தில் அதை வேறொரு பறவை என்று நினைக்காத புதியவர் குறைவு. அடுத்து, ஆழமில்லாத நீரில் காலால் சேற்றைக் கலக்கி, கலங்கி வெளிவரும் சிறு மீனைக் குத்திப் பிடிக்கும் மெலிந்த கொக்கு சின்னக் கொக்கு. அலகும் கால்களும் கறுப்பு. காலை நீரிலிருந்து தூக்கும்போதும் பறக்கும்போதும் விரல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரியும். இந்த மஞ்சள் விரல்களைத் தாமே முதன்முறையாகக் கண்டவர்கள் பின்னர் அந்தப் பறவையைத் தவறவிடுவதில்லை.

மற்ற இரண்டும் கடினம். ஆள் முழங்காலளவு நீரில் அசையாமல் நிற்கும் மிக உயரமான வெள்ளைக் கொக்கு பெரிய கொக்கு. ஏறத்தாழ 60 செ.மீ. நீளமுள்ள சின்னக் கொக்கின் பக்கத்தில் நின்றால் 90 செ.மீ.க்கு மேற்பட்ட இதன் அளவு உடனே புலப்படும், ஆனால் தனியாக நிற்கும்போது அளவு ஏமாற்றும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நடுத்தரக் கொக்கு இருக்கிறது. இங்கே நுட்பமான அடையாளம் வாய்ப்பிளவின் கோடு: பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் செல்லும்; நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். அலகின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், மஞ்சள் அலகு, கறுப்பு அலகு என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்குக் கரைக்கொக்கின் வெண்ணிற வடிவமும் சேர்ந்து மேலும் குழப்பும்.

எட்டத்தில் நிற்கும் கொக்கின் வாய்ப்பிளவு தெரியாவிட்டால், “பெரியதோ நடுத்தரமோ, தெரியவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களும் அதையே எழுதுவார்கள். நீர்க்கரையில் இரை தேடும் உள்ளான்கள், உயரத்தில் வட்டமிடும் இரைக்கொல்லிப் பறவைகள், இலைகளுக்கிடையே ஓயாமல் தாவும் கதிர்க்குருவிகள் ஆகியவற்றிலும் அவர்கள் பெயரிடாமல் விட்டுவிடுபவை கணிசமானவை. தெரியவில்லை என்று எழுதும் இடம் எது என்பதைச் சரியாக அறிந்திருப்பதுதான் அவர்களுடைய தேர்ச்சியின் பெரும்பகுதி. அதைப் புதியவர் முதல் நாளிலிருந்தே பழகலாம்.

குறிப்பேடு

சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வேண்டும். நாள், நேரம், இடம், வெயிலா மேகமா என்பதை மேலே எழுதிவிட்டு, தெரிந்த பறவைகளை எண்ணிக்கையோடு குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத பறவைக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அல்லது அது பறந்த உடனேயே, எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன்பாக, கண்டதை எழுதிவிட வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டால் படத்தில் இருப்பதையே பறவையிலும் கண்டதாக நினைவு சொல்லத் தொடங்கிவிடும். முட்டை வடிவில் ஓர் உடல், அதன்மேல் ஒரு வட்டத் தலை, அலகு, வால், கால் என்று கோடுகளால் வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று அம்புக்குறி போட்டு எழுதினால், வரையத் தெரியாதவர் வரைந்த படமும் பயன்படும். வரைய முற்படும்போதுதான் கண்ணுக்கு மேல் கோடு இருந்ததா, கால்கள் என்ன நிறம் என்பவற்றைப் பார்க்கவில்லை என்பது தெரியவரும். அடுத்த முறை கண் தானாக அங்கே போகும்.

குறிப்பேட்டில் தெரியாத பறவைகளின் பக்கங்கள் பெருகுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறு மாதம் கழித்து அவற்றைப் புரட்டும்போது, பழைய குறிப்புகளில் சில தாமாகவே தெளிவாகிவிடும். பழுப்புக் கோடுகளோடு குளத்தோரம் கூனி உட்கார்ந்திருந்த ஒன்றும், சற்றுநேரத்தில் அங்கிருந்து வெள்ளைச் சிறகு விரித்துப் பறந்த ஒன்றும் இரண்டு வெவ்வேறு பறவைகளாக எழுதப்பட்டிருக்கும். மடையான் என்னும் குளத்துக் கொக்கு உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் வெள்ளை என்று அறிந்த நாளில் இரண்டு பக்கங்களும் ஒன்றாகிவிடும். கறுப்புக் குயிலும், பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட இன்னொரு பறவையும் ஆணும் பெண்ணும் என்று தெரியவரும்போதும் அப்படித்தான்.

பெயரைத் தேடுவது

குறிப்பு எழுதி முடித்தபின் பெயரைத் தேடலாம். கைபேசியில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பைத் தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் அது இயங்கும். எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரியது, என்னென்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று அது கேட்கும் கேள்விகளும் உங்கள் குறிப்பேடு கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், குறிப்பு எழுதப் பழகியவருக்கு அது மிகுந்த உதவி செய்யும்.

அந்தச் செயலி குரலைக் கேட்டும் பெயர் சொல்லும், புகைப்படத்தைப் பார்த்தும் சொல்லும். இங்கேதான் புதியவர் சற்றுக் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். மரத்தடியில் நின்றதும் குரல் பதிவை இயக்கி, திரையில் ஒளிரும் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால், பட்டியல் நீளும். காதும் கண்ணும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். முதலில் உங்கள் ஊகம் என்ன என்று முடிவுசெய்துகொள்ளுங்கள், பிறகு செயலியிடம் கேளுங்கள், பிறகு அந்தக் குரலுக்கு உரிய பறவையைக் கண்ணால் தேடிக் காணுங்கள். கரிச்சான் வகைப் பறவைகளில் சில மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவை; செயலியும் அதில் ஏமாறும்.

குரல்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலேறும் நேரத்தில் எங்கிருந்தோ “டுக்… டுக்… டுக்…” என்று உலோகத்தைத் தட்டுவது போல இடைவிடாமல் கேட்கும் குரல் செம்மார்புக் குக்குறுவானுடையது. குரலைக் கேட்டபின் பறவையைக் கண்டுபிடிக்கப் பல நாட்கள் ஆகக்கூடும். இலையற்ற உச்சிக் கிளையில் பச்சை உடலும் சிவப்பு நெற்றியும் கொண்டு அது அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், நகரத்தின் நடுவிலும் அது எத்தனை மரங்களில் இருக்கிறது என்பது அதன்பின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பைனாகுலர்

முதல் மாதம் பைனாகுலர் இல்லாமலேயே பாருங்கள். ஆர்வம் நிலைத்தபின் வாங்கும்போது 8x42 அல்லது 8x32 என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று உருப்பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். கிளைகளுக்கிடையே பறவையைத் தேடிப் பிடிக்கவே திணறும் புதியவருக்கு எட்டு மடங்கே ஏற்றது.

வாங்கியதும் அதை உங்கள் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். வலக்கண்ணை மூடிக்கொண்டு, தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள்; பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் முனையில் உள்ள கண்குவளைகளை உள்ளே இறக்கிவிட வேண்டும். பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாமல், பார்வையைப் பறவையின் மேலேயே நிறுத்தி, கருவியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். இது ஒரு வாரப் பயிற்சியில் கைவந்துவிடும்.

கேமராவை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம் என்பது என் கருத்து. படம் எடுப்பது தனிக் கலை; அதற்குரிய கவனம் முழுவதும் கருவியிலேயே செலவாகிவிடுவதால், பார்க்கக் கற்கும் காலத்தில் அது இடையூறாகிறது.

மற்றவர்களோடு செல்வது

சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற பழைய அமைப்புகளும், பிற ஊர்களில் இயற்கை ஆர்வலர் குழுக்களும் பறவை நோக்கும் நடைகளை நடத்துகின்றன. ஒன்றிரண்டு மாதம் தனியாகப் பார்த்தபின் இவற்றில் சேருங்கள். அங்கே புதியவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பது. “அது என்ன பறவை?” என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், வீடு திரும்புவதற்குள் அது மறந்துபோகும். “எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டால், சொன்னவர் ஒரு கணம் நின்று, தாம் கண்ட அடையாளத்தை நினைத்துப் பார்த்து, “பறக்கும்போது வால் இப்படி விசிறி போல் இருந்தது” என்றோ “தோள் மேல் வெள்ளைத் திட்டு இருந்தது” என்றோ விளக்குவார். சொன்னது தவறாக இருந்தால் அவரே திருத்திக்கொள்ளவும் அந்தக் கேள்வி இடம் தருகிறது. கேட்பவர் வயதில் மூத்தவராகவும் சொல்பவர் பள்ளிச் சிறுமியாகவும் இருந்தாலும், இப்படிக் கேட்கப்படும்போது இருவருக்குமே கூச்சம் விலகிவிடுகிறது.

குழுவில் எல்லோரும் பார்த்துவிட்ட ஒரு பறவை உங்கள் கண்ணில் படவில்லை என்றால், “எனக்குத் தெரியவில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லோரும் தலையசைக்கிறார்களே என்று நாமும் தலையசைத்துவிட்டால், அந்தப் பறவை நம் பட்டியலில் மட்டும் இருக்கும். எந்த மரம், எந்தக் கிளை, கடிகார முள்ளில் எத்தனை மணித் திசை என்று சொல்லிக்காட்டப் பழகியவர்கள் குழுவில் எப்போதும் இருப்பார்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கு முதலில் வேடந்தாங்கலைச் சொல்வேன். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள இந்த ஏரியைச் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்துவருகிறார்கள்; பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களுடைய வயல்களுக்கு உரமாவதும் அதற்கு ஒரு காரணம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கூடமைக்கும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா போன்றவை உருவில் பெரியவை, கூட்டிலேயே நெடுநேரம் இருப்பவை, அலகின் வடிவத்தாலேயே ஒன்றையொன்று பிரித்தறியத்தக்கவை. புதியவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர்கள் கிடைப்பது அரிது. தென்மாவட்டத்தினருக்குக் கூந்தன்குளமும், வலசைப் பறவைகளின் பெருங்கூட்டத்தைக் காண விரும்புவோருக்குக் கோடியக்கரையும் உண்டு. ஆனால் கோடியக்கரையின் உள்ளான் கூட்டம் முதல் பயணத்துக்கு உரியதன்று.

எங்கு சென்றாலும் கூட்டை நெருங்காதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்காதீர்கள். பறவை உங்களைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தினாலோ இரையெடுப்பதை நிறுத்தினாலோ, ஏற்கெனவே அளவுக்கு மீறி அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கிருந்து மெல்லப் பின்வாங்குங்கள்.

பட்டியலைப் பகிர்வது

உங்கள் குறிப்புகளை இ-பேர்டு என்னும் தளத்தில் பதிவேற்றலாம். 2002-இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் தரும் பட்டியல்கள் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டால் யாரும் பங்கேற்கலாம். காக்கை, மைனா, புறா மட்டுமே கொண்ட பட்டியலும் அங்கே வேண்டப்படுகிறது, ஏனெனில் பொதுப் பறவைகள் குறைகின்றனவா என்பதை அத்தகைய பட்டியல்களைக் கொண்டுதான் அறிய முடியும்.

பட்டியலைச் சமர்ப்பிக்கும்போது, அது முழுமையான பட்டியல்தானா என்று தளம் ஒரு கேள்வி கேட்கும். புதியவர்கள் பலர் அங்கே தயங்கி “இல்லை” என்று குறித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியின் பொருள், உங்களால் இனங்காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா என்பதே. அங்கிருந்த எல்லாப் பறவைகளையும் இனங்கண்டீர்களா என்பது அன்று. தெரிந்தவற்றில் எதையும் வேண்டுமென்றே விடவில்லை என்றால் “ஆம்” என்று குறிக்கலாம். இனம் தெரியாமல் குடும்பம் மட்டும் தெரிந்தால் “கதிர்க்குருவி இனம்” என்பது போலப் பொதுவாகப் பதியவும், எண்ண முடியாமல் போனால் எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் குறி இடவும் தளம் இடமளிக்கிறது.

அரிய பறவை ஒன்றைப் பதிந்தால், உங்கள் பகுதியின் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு தளத்தையே விட்டு விலகியவர்கள் உண்டு. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மூத்த பறவையியலாளர்களுக்கும் அதே மின்னஞ்சல் போகிறது. குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே பதிலாக அனுப்புங்கள்: எவ்வளவு தொலைவு, எத்தனை நேரம், எந்த அடையாளம் தெரிந்தது, எது தெரியவில்லை. விவரம் போதாது என்று அவர் சொன்னால், என்ன பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும் என்று கேட்டு, அதைக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பட்டியல் எதையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து திருத்த முடியும் என்பதால், நடுத்தரக் கொக்கு என்று பதிந்தது உறுதியில்லை என்று இரண்டு ஆண்டுகள் கழித்துத் தோன்றினாலும், அதைக் “கொக்கு இனம்” என்று மாற்றிச் சேமித்துவிடலாம்.